சின்னானும் வாவலும்

சென்னை மாநகரின் மேற்கே உள்ள ஊர்ப்பெயர்களை ஒருமுறை சொல்லிப் பார்த்தால், அவற்றுட் பல மரஞ்செடி கொடிகளைக் குறித்தே நிற்றல் விளங்கும். மாங்காட்டில் மா உண்டு. திருவேற்காட்டில் வேல் உண்டு. அம்பத்தூரை அடுத்த அத்திப்பட்டில் அத்தி உண்டு. திருமுல்லைவாயிலில் முல்லை உண்டு. பூவிருந்தவல்லி என்று எழுதப்பெறும் பூந்தமல்லியிலோ பூவே முன்வந்து நிற்கிறது. ஊருக்குப் பெயரிட்ட முன்னோர் அவ்வவ்விடத்து மரத்தை நோக்கியே பெயரிட்டனர் போலும்!

இன்று அவ்வூர்களின் தோற்றம் வேறு. ஏரிக்கரைகளை ஒட்டி வீட்டுமனைகள் நெருங்கியுள்ளன. அம்பத்தூரில் 1960களில் தொழிற்பேட்டை எழுந்தது. ஆவடியில் அதே காலத்தில் போர் வண்டிகள் செய்யும் பெருந்தொழிற்சாலை அமைந்தது. தோப்புகள் சுருங்கின. 2016 டிசம்பரில் வீசிய வர்தா புயல், எஞ்சி நின்ற மரங்களிலும் பலவற்றை வேரோடு சாய்த்தது. ஆயினும் ஒரு புதுமையை அவ்வூர்களில் நடந்து செல்வோர் இன்றும் காணலாம். எவரும் நடாத இடத்தில் ஆலங்கன்று முளைத்திருக்கும். மதிலின் வெடிப்பில் அரசங்கன்று தளிர்த்திருக்கும். ஏரிக்கரைப் பனையின் கழுத்தில் ஆல் ஒன்று வேரூன்றி, அப்பனையைத் தன் வேர்களால் இறுகத் தழுவிக்கொண்டிருக்கும். மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் அடியிற்கூட அத்தி முளைத்தல் உண்டு. மண்வெட்டியும் நீர்க்குடமும் இல்லாமல் இவற்றை அங்கே நட்டவர் யார்?

காகம், குயில், நாகணவாய் முதலிய பல உயிர்களுக்கும் இத்தொழிலிற் பங்கு உண்டு. அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பிட்டுக் காண்போம். ஒன்று சின்னான் என்னும் கொண்டைக் குருவி. மற்றொன்று குறுமூக்குப் பழந்தின்னி வௌவால். பழந்தமிழில் வௌவாலுக்கு வாவல் என்றும் பெயர். முன்னது பறவை, பின்னது பறவையன்று. முன்னதை மக்கள் விரும்புகின்றனர். பின்னதைக் கண்டால் கதவைச் சாத்துகின்றனர்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மாலைச் சங்கு ஒலித்ததும் பகல்முறை வேலையாளர் வாயிலின் வழியே வெளிவருவர். அடுத்த முறைக்கு உரியோர் உள்ளே செல்வர். பொறிகள் ஓய்வதில்லை, ஆட்களே மாறுகின்றனர். பழுத்து நிற்கும் ஆலமரத்திலும் இத்தகைய மாற்றம் நாள்தோறும் நிகழ்கிறது. பொழுது சாயும் வரையில் சின்னான்கள் கிளைதோறும் தாவிக் கனி கொறிக்கும். இருள் பரவத் தொடங்கியதும் அவை புதர்களில் ஒடுங்கும். அப்போது பனையோலைகளின் அடியிலிருந்து வாவல்கள் ஒவ்வொன்றாக நழுவி வெளிவரும். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று காண்பது அந்தச் சிறு பொழுதில் மட்டுமே.

சின்னான் ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள பறவை. தலை கறுப்பு, அதன்மேல் சிறு கொண்டை. உடல் பழுப்பு நிறம். மார்பிலும் முதுகிலும் செதில் செதிலாகக் கோலமிட்டாற்போன்ற வரிகள். வாலின் நுனி வெண்மை. வாலின் அடிப்புறத்தில் குங்குமத்தைத் தொட்டு வைத்தாற்போன்ற சிவப்பு ஒன்று உண்டு; அதனைக் கண்டவுடன் இப்பறவையை ஐயமின்றி அறியலாம். அது கூச்சம் அறியாதது. வீட்டு முற்றத்தில் தொங்கும் பூந்தொட்டியிலும், சன்னற் கம்பியை ஒட்டிய கொடியிலும், மின்விளக்கின் மூடியின்மேலும் கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டிவிடும். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று முட்டைகள் இடும். ஏறத்தாழ இரண்டு வாரங்களில் குஞ்சுகள் வெளிவரும். அவை பறக்கும் வரையில் அவ்வீட்டார் அந்தச் சன்னலைத் திறப்பதில்லை. குழந்தைகள் கால்விரலால் நடந்து பழகுவர்.

அதனைப் பாடும் பறவை என்று நூலோர் வகுப்பர். இவ்வகுப்பைப் பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். தொண்டையினுள் குரலெழுப்பும் உறுப்பின் அமைப்பை நோக்கியே பறவைநூலார் இப்பெயரைத் தருகின்றனர். செவிக்கு இனிமையை நோக்கியன்று. அவ்வமைப்புடைமையால் காகமும் பாடும் பறவைகளின் கூட்டத்தைச் சேர்ந்ததே! குயிலோ அக்கூட்டத்தில் இல்லை. சின்னானின் குரல் நீண்ட பாட்டன்று. இரண்டு மூன்று ஒலிகள் உருண்டு வரும் களிப்பான பேச்சு. விடியற்காலையில் அது எழுப்பும் அவ்வொலி கேட்போருக்கு உவகை தருகிறது. அதனால் அது நல்ல பறவை என்று பெயர் பெற்றது.

வாவலுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஆனால் அதனை அருகே கண்டவர் வியப்படைவர். எடையில் அது சின்னானுக்கு மிக வேறுபட்டதன்று. ஏறத்தாழ 50 கிராம் அளவே இருக்கும். சிறகை விரித்தால் மட்டும் ஒரு முழம் தோன்றும். முகம் நாய்க்குட்டியின் முகம் போன்றது. காதின் ஓரத்தில் மெல்லிய வெண்கோடு ஓடும். சிறகு என்று நாம் சொல்வது உண்மையிற் சிறகன்று; கை. விரல்கள் குடைக்கம்பிகள்போல் நீண்டு, அவற்றின் இடையே தோல் படர்ந்துள்ளது. பெருவிரல் மட்டும் தனித்து நின்று கொக்கிபோல் வளைந்த நகத்துடன் விளங்குகிறது. கிளையைப் பற்றவும் கனியைப் பிடிக்கவும் அது பயன்படுகிறது. பறவைக்கு இறகு உண்டு, முட்டை உண்டு; வாவலுக்கு மயிர் உண்டு, பால் உண்டு. ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரே குட்டியை ஈன்று பாலூட்டி வளர்க்கிறது. பிறந்த குட்டி தாயின் மார்பை இறுகப் பற்றிக்கொள்ள, தாய் அதனைச் சுமந்தே பறக்கும்.

வௌவாலுக்குக் கண் தெரியாது என்று பலர் நம்புகின்றனர். இந்த வாவலைப் பொறுத்தவரையில் அது பிழை. குரலை எழுப்பி, அது மோதித் திரும்பும் எதிரொலியால் வழியறிதல் பூச்சி தின்னும் வௌவால்களின் இயல்பு. பழந்தின்னும் இவ்வாவல் பெரிய கண்களாலும் கூரிய மூக்காலுமே இரை தேடுகிறது. மங்கிய ஒளியிலும் அதன் கண் வேலை செய்யும். கொய்யாவும் மாவும் பழுத்த செய்தியை மனிதர் அறியுமுன் அது மோப்பத்தால் அறிந்துவிடும். தோட்டக்காரர் காலையிற் பறிக்கலாம் என்று விட்டுவைத்த கனி இரவிலேயே போய்விடுதல் இதனால்தான்!

இன்னொரு திறமும் அதற்கு உண்டு. தமிழ்நாட்டின் தென்பகுதியில் 1990களில் ஆய்வாளர் இதனை நுணுகிக் கண்டு எழுதினர். ஆண் வாவல் அடர்ந்த கொடிகளின் நடுவிலும் நெட்டிலிங்க மரத்தின் தழைகளின் நடுவிலும் தண்டுகளையும் இலைகளையும் பல்லாற் கடித்துக் கடித்து நீக்கி, மணி போன்ற குடில் ஒன்றை உருவாக்குகிறது. இப்பணி பல நாட்கள் நடக்கும். குடில் நன்கு அமைந்தபின் பெண் வாவல்கள் அங்கு வந்து தங்கும். வௌவால் வீட்டு விருந்தாளியும் தலைகீழாகத்தான் தொங்க வேண்டும் என்று நாம் நகையாடுகிறோம். அவ்வீட்டைக் கட்டும் உழைப்பை நினைப்பதில்லை. நெட்டிலிங்கத்தை அசோகமரம் என்று அழைக்கும் வழக்கம் சென்னைப் புறநகர்களில் மிகுதி. அசோகம் என்பது செந்நிறப் பூங்கொத்துகளையுடைய வேறு மரம். பள்ளி மதிலோரம் வரிசையாய் நெடிது நிற்பது நெட்டிலிங்கமே.

தமிழ்ப்புலவர் வாவலை வெறுத்தாரல்லர். குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடிய செய்யுள் ஒன்று உண்டு. கச்சிப்பேடு என்பது காஞ்சிபுரம்; பூந்தமல்லியிலிருந்து மேற்கே நெடுஞ்சாலையில் சென்றால் அடையும் ஊர். அச்செய்யுளில், தலைவன் பிரிந்திருக்கத் தனித்திருக்கும் தலைவி ஒருத்தி, மாலைப்பொழுதில் வாவல்கள் பழுத்த மரத்தை நோக்கிப் பறந்து செல்வதைக் காண்கிறாள். அவளுக்குத் துன்பம் மிகுகிறது. ஆயினும் அத்துன்பம் மாலையால் வந்தது, வாவலால் வந்ததன்று. வாவலின் வலிய சிறகையும் அது பறக்கும் மென்மையையும் அப்புலவர் கூர்ந்து நோக்கியிருக்கிறார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, வாவல் செல்லும் இடம் பழுமரம் என்பதையும், செல்லும் காலம் அந்திப்பொழுது என்பதையும் ஒருவர் நின்று கண்டிருக்கிறார். பேய்க்கும் இருட்டுக்கும் உறவாக்கி வாவலை அஞ்சும் வழக்கம் அச்செய்யுளில் இல்லை. சென்னை மீன் அங்காடியில் விரும்பி வாங்கப்படும் வாவல் மீனும் இதன் பெயரையே தாங்கி நிற்கிறது. அதனை வெறுப்பார் எவரும் இல்லை!

இனி, இவ்விரண்டும் கனியுண்ணும் முறையைக் காண்போம். ஒப்பீட்டின் உயிர்நிலை இதுவே.

சின்னானுக்குப் பல் இல்லை. அதன் வாய் சிறிது. ஆகையால் வாயில் அடங்கும் சிறு கனிகளை முழுதாக விழுங்கும். பெருங்கனியாயின் அலகாற் கொத்திச் சதையைத் தின்னும். விழுங்கிய கனியின் சதை செரித்துவிட, விதை சிதையாமல் எச்சத்தோடு வெளிப்படும். எச்சமிடுதல் பெரும்பாலும் கிளையிலோ கம்பியிலோ அமர்ந்திருக்கும்போதே நிகழும். எனவே சின்னான் விதைத்த கன்றுகளை வேலியின் அடியிலும், மின்கம்பியின் கீழும், வேறொரு மரத்தின் நிழலிலும் காணலாம். ஆலங்கனி ஒன்றினுள் நூற்றுக்கணக்கான நுண்விதைகள் உண்டு. கடுகினும் சிறிய அவ்விதை மதில் வெடிப்பில் விழுந்தாலும் மழையீரத்தைப் பற்றிக்கொண்டு முளைக்கவல்லது.

வாவலுக்குக் கூரிய பற்கள் உண்டு. ஆனால் கனி முழுவதையும் அது விழுங்குவதில்லை. பழுத்த மரத்தில் நெடுநேரம் தங்குவதும் இல்லை. ஆந்தை முதலிய பகைகள் அம்மரத்தை நோக்கி வரும் என்பதனாலோ என்னவோ, கனியைக் கவ்விக்கொண்டு சற்றுத் தொலைவிலுள்ள வேறொரு மரத்துக்கு எடுத்துச் செல்கிறது. அங்கே தலைகீழாகத் தொங்கியபடி கனியை மென்று, நாவால் மேலண்ணத்தில் அழுத்திச் சாற்றை மட்டும் விழுங்குகிறது. எஞ்சிய நாரை உருட்டிச் சக்கையாகத் துப்பிவிடுகிறது. பெரிய விதையாயின் அங்கேயே விழும். சிறு விதைகள் சாற்றோடு வயிற்றிற் சென்று விரைவில் வெளிவரும். அவ்வெச்சத்தை வாவல் பறக்கும்போதே இடுதல் வழக்கம்.

இந்த ஒரு வேறுபாட்டினால் விளையும் பயன் மிகப் பெரிது. பறவை அமர இடம் வேண்டும். மரமில்லாத வெற்றிடத்தில் சின்னான் அமர்வதற்கு ஒன்றுமில்லை. ஆதலின் அங்கே விதையும் விழுவதில்லை. வாவலோ அத்தகைய வெளியின் மேலும் பறக்கிறது, பறந்துகொண்டே விதைக்கிறது. மனை பிரித்து வெறுமையாய்க் கிடக்கும் நிலம், வற்றிய ஏரியின் கரை, கல்லெடுத்துக் கைவிட்ட பள்ளம் ஆகியவற்றில் முதற் கன்றை இடும் வாய்ப்பு இரவிற் பறப்பதற்கே மிகுதி. அக்கன்று வளர்ந்து கிளைவிட்டபின் சின்னான் வந்து அமரும். அதன் எச்சத்திலிருந்து வேறு பல செடிகள் அந்நிழலில் முளைக்கும். ஒன்று தொடங்கிய தோப்பை மற்றொன்று நிரப்புகிறது.

கனியின் அளவிலும் இவ்வாறே பங்கு பிரிந்துள்ளது. நெட்டிலிங்கத்தின் கனி கருநாவல் நிறமுடையது. உள்ளே ஒரே பெருவிதை. சின்னானால் அதனை விழுங்க இயலாது. குயில் போன்ற பெரிய பறவைகள் சில உண்ணும். எஞ்சியவற்றை எடுத்துச் சென்று மேற்சதையைச் சுரண்டித் தின்று விதையை வேறிடத்தில் போடுவது வாவலே. அத்தி மரமோ வாவலுக்கென்றே விருந்து சமைத்தாற்போல அடிமரத்திலும் பெருங்கிளையிலும் கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது. இலைச்செறிவுக்குள் நுழையாமலே பறந்து வந்து கவ்விச் செல்லலாம். அத்திப்பட்டுக்குப் பெயர் தந்த அத்திகளுள் எத்தனையை வாவல் இட்டதோ!

ஆலும் அரசும் அத்தியும் எல்லாம் ஒரே காலத்தில் பழுப்பதில்லை. ஒரு மரம் பழுத்து ஓயும்போது வேறொரு மரம் பழுக்கத் தொடங்கும். மற்ற மரங்களிற் கனியற்ற காலத்திலும் இவற்றுள் ஏதேனும் ஒன்று பல உயிர்களுக்கு உணவளிக்கும். ஆகவே ஓர் ஆலை இழந்த ஊர் ஒரு நிழலை மட்டும் இழப்பதில்லை.

சின்னானைப் பற்றிய மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. பெரும்பாலான விலங்குகளும் பறவைகளும் ‘சி’ உயிர்ச்சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. சின்னானுக்கு அவ்வாற்றல் இல்லை என்பதைக் கல்கத்தா அறிவியலார் 1958இல் வெளியிட்டனர். மனிதனுக்கும் அவ்வாற்றல் இல்லை. வௌவாலினங்கள் பலவற்றுக்கும் இல்லை. நெல்லிக்காயைத் தேடும் மாணவனும் கோவைப்பழத்தைக் கொத்தும் சின்னானும் இவ்வகையில் உறவினரே.

இத்துணை ஒற்றுமையும் உதவியும் இருக்க, மனிதர் தீர்ப்பு மட்டும் இரண்டுக்கும் வெவ்வேறாய் அமைந்தது. 1972இல் இயற்றப்பட்ட வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தில், காப்புக்கு உரியனவல்ல எனத் தள்ளப்பட்ட உயிர்களுக்கு ஐந்தாம் அட்டவணை என ஒன்று இருந்தது. காகம், எலி, சுண்டெலி ஆகியவற்றோடு பழந்தின்னி வௌவாலும் அதில் இடம்பெற்றது. பயிருக்குத் தீங்கு செய்வது என்பதே காரணம். அவ்வட்டவணையில் உள்ளதைக் கொல்வோரைச் சட்டம் தடுக்கவில்லை. சின்னானோ காக்கப்படும் பறவைகளுள் ஒன்றாய் இருந்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2023 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோதுதான் அந்த ஐந்தாம் அட்டவணை நீங்கியது.

பழத்தோட்டத்துக்கு வாவலால் இழப்பு உண்டு என்பது உண்மை. அதனை மறைத்தல் நேர்மையன்று. கொய்யாவும் மாவும் வளர்ப்போர் அதனை நன்கு அறிவர். ஆனால் அதே இழப்பைச் சின்னானும் செய்கிறது. அது பகலிற் செய்கிறது, குரலினிமையோடு செய்கிறது. நம் ஊரில் நல்லதென்று போற்றப்படும் இப்பறவை அயல்நாடுகளில் எவ்வாறு கருதப்படுகிறது என்பதை அறிந்தால் வியப்பு மிகும். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோரோடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சின்னான் பீஜித் தீவுகளுக்குச் சென்றது என்பர். பின்னர் ஹவாய்த் தீவிலும் பரவியது. அங்கெல்லாம் அது பழத்தையும் பூமொட்டையும் அழித்தது. உண்ணிச்செடி போன்ற களைகளின் விதையைப் பரப்பியது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தைச் சேர்ந்த அறிஞர் 2000இல் வெளியிட்ட, உலகில் மிகுந்த கேடு செய்யும் வந்தேறு உயிர்கள் நூறன் பட்டியலில் மூன்றே பறவைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று நம் சின்னான். மற்றொன்று நம் நாகணவாய்! ஆவடியில் அது செய்யும் அதே தொழிலைத்தான் ஹவாயிலும் செய்தது. அம்மண்ணில் அதற்கு உரிய இடம் இல்லை, அவ்வளவே.

வாவலைப் பற்றிய அச்சத்துக்கு நோயும் ஒரு காரணம். 1998–99இல் மலேசியாவில் நிபா என்னும் கொடிய காய்ச்சல் தோன்றியது. 2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் அது உயிர்களைப் பலிகொண்டது; பின்னரும் அம்மாநிலத்தில் மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. அந்நோய்க்கிருமி தங்கும் இடமாகக் கண்டறியப்பட்டது பெரிய பழந்தின்னி வௌவால்; நாம் இங்கே பேசும் சிறிய வாவலினும் பன்மடங்கு பெரியது அது. ஆயினும் எச்சரிக்கை எல்லா வௌவால்களுக்கும் பொருந்தும். கடிபட்ட கனியை உண்ணலாகாது. அணில் கடித்த பழம் இனிக்கும் என்று எடுத்துத் தின்னும் பழக்கம் சிறுவரிடம் உண்டு. கடித்தது அணிலா வாவலா என்று பல்தடம் சொல்லாது. கீழே விழுந்து கிடக்கும் வாவலைக் கையால் தொடலாகாது; பெரியோரிடம் சொல்ல வேண்டும். கனிகளைக் கழுவியே உண்ண வேண்டும்.

எச்சரிக்கை வேறு, அழிப்பு வேறு. 2020இல் கொரோனா நோய் பரவியபோது, இந்தியாவின் சில இடங்களில் வௌவால் தங்கிய மரங்களை வெட்டவும் அவற்றைத் துரத்தவும் மக்கள் முற்பட்டனர். அவ்வாண்டு ஏப்ரலில் தெற்காசிய நாடுகளைச் சேர்ந்த வௌவால் ஆய்வாளர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் ஒன்றுகூடி, அந்நோயை இங்குள்ள வௌவால்கள் மனிதர்க்குப் பரப்பவில்லை என்று அறிக்கை விடுத்தனர். தங்குமிடம் இழந்து கலைந்த கூட்டம் வேறு குடியிருப்புகளை நாடுமே அன்றி மறைந்துபோகாது. தமிழ்நாட்டிலேயே சில சிற்றூர்களில், ஊர் ஆலமரத்தில் தொங்கும் வௌவால்கள் அஞ்சுமே என்று தீபாவளியன்று வெடி வெடியாதிருக்கும் வழக்கமும் உண்டு. அவ்வூரார் எந்தச் சட்டத்தையும் படித்து அதனைச் செய்யவில்லை.

வாவலை நின்று நோக்காமையால் அறிஞரும் ஒருகால் ஏமாந்தனர். 1948இல் தேனி மாவட்டத்து மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்னும் இயற்கையாய்வாளர் ஒரு வௌவாலைப் பிடித்தார். அதன் உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தொகுப்பிற் சேர்ந்தது. அங்கே அதன்மேல் ஒட்டப்பட்ட சீட்டில், நாம் இங்கே கண்ட குறுமூக்குப் பழந்தின்னி வௌவாலின் பெயரே எழுதப்பட்டது. எங்கும் காணும் எளிய வௌவால்தானே என்று எவரும் அதனை மீண்டும் எடுத்துப் பார்க்கவில்லை. 24 ஆண்டுகள் கழிந்தன. 1972இல் கிட்டி தோங்லோங்யா என்னும் தாய்லாந்து நாட்டு விலங்கியலார் அதன் பல்லை எண்ணினார். வால் இல்லாமையைக் கண்டார். உலகில் அதுவரை எவரும் பெயரிடாத புதிய இனம் என்று அறிவித்தார். அதற்குச் சூட்டப்பட்ட பெயர் சலீம் அலியின் பெயர். வாழ்நாளெல்லாம் பறவைகளை ஆராய்ந்த பெரியாரின் பெயர் ஒரு வௌவாலுக்கு வாய்த்தது! பின்னர் 1993இல்தான் அவ்வினம் மேகமலையில் மீண்டும் உயிருடன் காணப்பட்டது. ஏனைய பழந்தின்னி வௌவால்கள் ஐந்தாம் அட்டவணையிற் கிடந்தபோதே, அரிதினும் அரிதான இதற்கு மட்டும் அதே சட்டம் முதல் அட்டவணையில் உயரிய காப்பைத் தந்தது. பெயர்ச்சீட்டு மாறாமல் இருந்திருந்தால் அதுவும் எலியோடு எண்ணப்பட்டிருக்கும்.

மேகமலைக்குச் செல்ல எல்லோராலும் இயலாது. ஆனால் அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ படிக்கும் மாணவர், தம் பள்ளியின் நெட்டிலிங்க வரிசையின் கீழ் விடியற்காலையில் ஒருமுறை நடந்து பார்க்கலாம். தரையில் உலர்ந்த சிறு உருண்டைகள் கிடக்கும். அவை வாவல் துப்பிய சக்கை. அருகே சதை நீங்கிய பழுப்பு விதைகள் கிடக்கும். அவற்றைச் சுற்றி ஒரு பள்ளக்கோடு ஓடும். வெள்ளையடித்த சுவரில் மஞ்சளாய் வழிந்த கறைகள் தெரியும். வீட்டுக்காரர் வாவலை வெறுக்கப் பெரிதும் காரணமாவது இக்கறையே. மின்கம்பியின் நேர்கீழே நோக்கினால் வேறுவகை எச்சம் புள்ளி புள்ளியாய்த் தோன்றும். அதில் சிவந்த தோல்களும் நுண்விதைகளும் கலந்திருக்கும். அது சின்னான் இட்டது.

தரையில் கிடக்கும்வரை இவ்வாறு பிரித்து அறியலாம். மழை பெய்தபின் அறிய இயலாது. கொரட்டூர் ஏரிப்பக்கமோ செம்பரம்பாக்கம் ஏரிப்பக்கமோ பனையின் கழுத்தில் ஆல் ஒன்று முளைத்து நின்றால், அதன் விதையைப் பகலிற் கொணர்ந்தது சின்னானா, இரவிற் கொணர்ந்தது வாவலா என்று அப்பனையேறியாலும் சொல்ல முடியாது. அந்த ஆல் காய்த்துப் பழுக்கும் காலத்தில் இரண்டும் அதற்கு வரும்.